படிப்படியாகப் பச்சை

ஒரு நூல்

இணையப் பக்கங்களின் தலைமாட்டில் ஒரு நிறப்பட்டை இருக்கும். ஒரு முனையில் அடர்த்தியாகத் தொடங்கி, மறுமுனைக்குப் போகப் போக வெளுத்துவிடும். அதன் மேல்தான் கடையின் பெயரும் ஒரு வரி முழக்கமும் நிற்கும். பக்கம் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆனால் அதைப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு இந்தப் பட்டைகளைச் செய்து கொடுப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. தொழிலில் அதற்குப் பெயர் கிரேடியன்ட். தமிழில் நிறச்சரிவு என்று சொல்லலாம், மலைச்சரிவு என்பது போல.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அண்ணன் பழைய முறையை ஒருநாள் செய்து காட்டினார். போட்டோஷாப்பில் ஒரு பிக்சல் அகலம், 120 பிக்சல் உயரம் என்று ஒரு படம் செய்வார்கள். மேலே அடர்பச்சை, கீழே வெளிர்பச்சை. தனியாகப் பார்த்தால் அது படமே இல்லை, ஒரு நூல். அந்த நூலைக் கிடைமட்டமாகத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டே போ என்று உலாவிக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். திரை எவ்வளவு அகலமாக இருந்தாலும் பட்டை நிறைந்துவிடும். ஒரே நூலை வைத்து ஒரு புடவை. கோப்பின் எடை சில நூறு பைட்டுகள்தான். இணைய இணைப்பு இழுத்து இழுத்து வந்த காலத்தில் அது பெரிய சிக்கனம். 2008-இல் வெப்கிட் உலாவிப் பொறி, படமே இல்லாமல் நிரல் வரியாகவே நிறச்சரிவை எழுத வழி செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் மற்ற உலாவிகளும் வந்து சேர்ந்துகொண்டன. இப்போது அந்த நூலும் தேவையில்லை. இரண்டு நிறங்களையும் ஒரு திசையையும் சொன்னால் போதும்.

கிரேடியன்ட் என்ற சொல்லுக்கு லத்தீனில் மூலம் கிராதுஸ். பொருள், காலடி, படி. வழவழப்பாக மாறுகிற ஒன்றுக்குப் படி என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று முதலில் வேடிக்கையாக இருந்தது. அப்புறம் பார்த்தால் நாமும் அதையேதான் செய்கிறோம். "காய்ச்சல் படிப்படியாகக் குறைஞ்சுது" என்கிறோம். காய்ச்சல் படியில் இறங்கி வருவதில்லை. எங்கே குறைந்தது என்று தெரியாமல் குறைவதைச் சொல்லத்தான் படிப்படியாக என்கிறோம். மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாதபோது இரண்டு மொழிகளும் படியைத்தான் துணைக்குக் கூப்பிட்டிருக்கின்றன.

நான் கேட்க விரும்பும் கேள்வி இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வழவழப்பாகத் தெரிகிற எல்லாவற்றுக்கும் உள்ளே படிகள் இருக்கின்றன. அவற்றை மறைப்பதுதான் என் வேலை. எந்தப் படியை மறைக்கலாம், எதை மறைக்கக் கூடாது?

கண் போடும் கோடு

திரைக்குச் சரிவு என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளுக்கும் 0 முதல் 255 வரை 256 நிலைகள். மூன்றையும் கலந்தால் 1,67,77,216 நிறங்கள். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேல் என்றால் எதற்கும் போதும் என்று தோன்றும். போதாது. பச்சை எண் மட்டும் 60-இலிருந்து 100 வரை மாறும் ஒரு சரிவை 480 பிக்சல் உயரத்துக்கு இழுத்தால், இருப்பது 40 படிகள்தான். ஒவ்வொரு படியும் 12 பிக்சல் அகலத்துக்குக் கிடக்கும். 61-க்கும் 62-க்கும் நடுவில் எதுவும் கிடையாது. நல்ல திரையில் உற்றுப் பார்த்தால் வயல் வரப்பு மாதிரி கோடு கோடாகத் தெரியும். தொழிலில் இதை பேண்டிங் என்போம். மலிவான கைபேசித் திரைகளில் இன்னும் மோசம்.

இதில் ஆச்சரியம், அந்தக் கோடுகள் இருப்பதைவிட அழுத்தமாகத் தெரிவதுதான். இரண்டு நிறங்கள் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் அடர்நிறம் இன்னும் அடர்ந்தும், வெளிர்நிறம் இன்னும் வெளுத்தும் தோன்றும். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் இதை விவரித்தார். இன்றும் மாக் பட்டைகள் என்றே சொல்கிறார்கள். விழித்திரையில் ஒரு செல் தூண்டப்படும்போது பக்கத்துச் செல்லைக் கொஞ்சம் அடக்கி வைக்கிறது. அதனால் வேறுபாடுகள் பெரிதாகின்றன. விளிம்பைக் கண்டுபிடித்தால்தான் பாறைக்குப் பின்னால் நிற்கும் மிருகத்தைக் கண்டுபிடிக்க முடியும் என்று வாழ்ந்த உடம்பு இது. சின்ன வித்தியாசம் கிடைத்தால் போதும், அங்கே ஒரு கோடு போட்டுவிடும்.

அந்தக் கோட்டை அழிக்க ஒரு தந்திரம் உண்டு. பெயர் டிதரிங். 61-உம் 62-உம் சேரும் இடத்தில் இரண்டையும் சிறு சிறு புள்ளிகளாகக் கலந்து இறைத்துவிடுவது. கோலத்தில் இரண்டு வண்ணப்பொடி சேரும் இடத்தை விரலால் லேசாகக் கலைத்துவிடுவார்களே, அதே வேலை. எண்களைப் பார்த்தால் படம் முன்பைவிட அழுக்காகியிருக்கும். கண்ணுக்கோ வழவழப்பாகிவிடும். படத்தில் வேண்டுமென்றே இரைச்சலைச் சேர்த்தால் படம் மேம்பட்டுத் தெரியும் என்று 1962-இல் வெளியான கட்டுரை ஒன்றில் காட்டியவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். பிற்பாடு இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டைக் கட்டியவர்களில் முக்கியமானவரும் அவர்தான்.

அப்படியானால் நான் செய்வது ஏமாற்று வேலையா? இல்லாத வழவழப்பை இருப்பதாகக் காட்டுகிறேன், உண்மைதான். ஆனால் 61-க்கும் 62-க்கும் நடுவிலுள்ள அந்தப் படியில் யாரும் குடியிருக்கவில்லை. அதை மறைப்பதால் யாருக்கும் எதுவும் குறையவில்லை. திரையின் போதாமையால் வந்த படி அது, கண்ணின் பழக்கத்தால் பெரிதானது. இரண்டையும் சரிக்கட்டுகிறேன், அவ்வளவுதான். இந்த மறைப்பில் குற்றமில்லை என்றே நினைக்கிறேன்.

இங்கிருந்து ஒரு பழைய வாதத்துக்குள் சுலபமாக வழுக்கி விழுந்துவிடலாம். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் ஊர்க்காரரான யூபுலிடீஸ் ஒரு புதிர் போட்டார். மணற்குவியலிலிருந்து ஒரு மணலை எடுத்தால் அது குவியல்தான். இன்னொன்றை எடுத்தாலும் குவியல்தான். ஒரு மணலால் குவியல், குவியல் அல்லாததாக மாறிவிடாது. இப்படியே போனால் கடைசி ஒரு மணலும் குவியல் என்றாகிவிடும். எந்த இடத்தில் மாறியது, சொல்!

சொல்ல முடியாது. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்று தெரியவில்லை என்பதால் குவியலுக்கும் ஒற்றை மணலுக்கும் வித்தியாசமே இல்லை என்று ஆகிவிடாது. நம் இலக்கணக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். வெயில் ஒரே சரிவாகத்தான் ஏறி இறங்குகிறது. ஆனாலும் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். எற்பாடு முடிந்து மாலை தொடங்கும் நொடி எது என்று யாரும் சண்டை போடவில்லை. விளக்கேற்ற வேண்டும், மாடு திரும்ப வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும். அவ்வளவு போதும்.

எந்த மலை இது?

இதையெல்லாம் பச்சைமலையை வைத்து யோசிக்க வேண்டி வந்தது. துறையூரிலிருந்து பார்த்தால் வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஒரு துண்டு பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. மேலே மரவள்ளியும் முந்திரியும் விளைகின்றன. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் மலையாளிகள். முன்னோர்கள் காஞ்சியிலிருந்து வந்த சகோதரர்கள் என்றும், ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்றும் அவர்களிடையே ஒரு கதை உண்டு.

மலையிலிருந்து தேனும் சிறுதானியமும் வாங்கி விற்கும் ஒருவர் தன் கடைக்கு இணையப் பக்கம் வேண்டும் என்று வந்தார். எதற்கும் அவசரப்படாத மனிதர். தலைப்பட்டைக்கு மலையின் புகைப்படம் போடலாமா என்று கேட்டேன்.

"ஃபோட்டோ வேணாம் தம்பி. கலர் மட்டும் போடுங்க. ஒரு பக்கம் நல்ல பச்சையா இருக்கணும், அப்படியே வெளுத்துக்கிட்டே போயி நீலமா முடியணும். மலைன்னா அதானே."

"ஏன்ணே, ஃபோட்டோ நல்லாத்தானே இருக்கும்?"

"ஃபோட்டோன்னா ஆளு வந்துருவாங்க. ஆளு வந்தா எந்த ஆளு, எந்த ஊருன்னு கேப்பாங்க. கலருக்கு அந்தத் தொல்லை இல்ல பாருங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொன்னது சரியும்கூட. ஆனால் அந்த வாக்கியம் போய்விடாமல் கூடவே இருந்தது. நிறச்சரிவு எதற்குப் பயன்படுகிறது என்று இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எந்த ஆள், எந்த ஊர் என்ற கேள்விகளிலிருந்து அது காப்பாற்றுகிறது.

மாதிரியைச் செய்து முடித்த பிறகு மலையிலிருந்து சரக்கு கொண்டுவரும் ஒரு பையனிடம் கைபேசியில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "மாசி பங்குனியில வந்து பாருங்க சார். பாதி மரம் மொட்டையா நிக்கும். காடு பூரா செவப்பாக் கெடக்கும். இந்த நீலம் எங்க ஊர்ல இருந்து பாத்தா கொல்லிமலைக்குத்தான் இருக்கும்."

யோசித்தால் அது அப்படியே இயற்பியல். காற்றிலுள்ள துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கின்றன. தூரம் கூடக்கூட நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்றின் நீலம் சேர்ந்துகொண்டே போகிறது. அந்த நீலம் மலையில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. துறையூரில் நிற்பவருக்குப் பச்சைமலை நீலம். பச்சைமலையில் நிற்பவருக்குக் கொல்லிமலை நீலம். தான் நிற்கிற மலை யாருக்கும் நீலமாக இருப்பதில்லை. அதுவும் பச்சைமலை மேலுள்ள ஊர்களில் பலருக்கும் தெரிந்தது செங்காட்டுப்பட்டி. பச்சை என்று பெயர் வைத்த மலையின் மேல் செங்காடு என்று பெயர் வைத்த ஊர். பெயர் வைத்தவர்கள் எங்கே நின்று பார்த்து வைத்தார்கள் என்பது இரண்டு பெயர்களிலும் தெரிகிறது. ஒன்று தூரத்திலிருந்து வைத்தது. மற்றது மண்வெட்டியோடு நின்று வைத்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அப்படியானால் பச்சையும் நீலமும் போட்ட என் பட்டை பச்சைப் பொய்யா?

உடனே ஆமாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஸ்ரீரங்கத்தில் கிடக்கும் அரங்கன் கருத்த மேனியர். திருமாலை பாடிய தொண்டரடிப்பொடியாழ்வார் அந்த மேனியைப் பச்சை மலையோடு ஒப்பிட்டார். பக்தர்கள் நீலமேனி என்றும் சொல்வார்கள், கார்மேனி என்றும் சொல்வார்கள். கேட்கிற யாரும் "ஒரு நிறத்தைச் சொல்லுங்கள் சுவாமி" என்று மடக்கியதில்லை. கருமையும் நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்றாக நிற்பது நம் மொழிக்குப் பழகிய விஷயம். ஆழ்வார் தவறான நிறம் சொன்னார் என்று நினைப்பவருக்குக் கவிதையும் தெரியாது, நிறமும் தெரியாது.

இன்னொன்று, புகைப்படம் மட்டும் என்ன பெரிய சத்தியவாக்கா? அந்தக் கடைக்காரர் படம் போடச் சம்மதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கூடை சுமந்த ஒரு மலைவாழ் பெண், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்தப் பெண்ணிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். தேன் புட்டிக்கு அலங்காரமாக ஒரு முகம். அதைவிட யாரையும் பயன்படுத்தாத வெறும் நிறம் எவ்வளவோ மேல். நான்தான் மலை என்று நிறச்சரிவு சொல்லிக்கொள்வதில்லை. நீங்கள் நிற்க ஒரு தரை தருகிறேன் என்கிறது. அவ்வளவு அடக்கமான பொருளைப் பொய் என்று சொல்வது அநியாயம்.

ஆகவே நிறம் பொய் சொல்லவில்லை. பையன் சொன்னதும் சரி, ஆழ்வாரும் சரி. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

அழுக்கான நடு

தூய மஞ்சளிலிருந்து தூய நீலத்துக்கு ஒரு சரிவு செய்யுங்கள். நடுவில் பச்சை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் வாட்டர் கலர் கலந்த ஞாபகம் அப்படித்தான் சொல்லும். திரையில் வருவது சாம்பல். மஞ்சள் என்பது 255, 255, 0. நீலம் 0, 0, 255. இரண்டுக்கும் சரிபாதி ஏறத்தாழ 128, 128, 128. சுத்தமான சாம்பல், எந்த நிறமும் இல்லாத நிறம். சிவப்பிலிருந்து பச்சைக்குப் போனாலோ நடுவில் 128, 128, 0 என்று மங்கிய, சேறு பூசினாற்போல ஒரு நிறம் வரும். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்ததும் "நடுவுல என்னங்க அழுக்கா இருக்கு?" என்பார்கள்.

அழுக்கைத் தவிர்க்க வேறு பாதைகள் உண்டு. 2020-இல் பியோர்ன் ஆட்டொசன் என்பவர் ஓக்லாப் என்றொரு நிற வெளியை உருவாக்கினார். மனிதக் கண் உணரும் வேறுபாடுகளுக்கு நெருக்கமாக எண்களை அடுக்கிய முறை அது. அதன் வழியாகவோ நிறவட்டத்தைச் சுற்றிக்கொண்டோ போனால் நடுவில் வேறு நிறங்கள் வரும். தொடக்கமும் முடிவும் அதே நிறங்கள்தான். பாதை மாறியதால் நடு மாறிவிடுகிறது.

இது எனக்கு ஒரு நல்ல பாடமாகப் பட்டது. இரண்டு தரப்பு இருந்தால் உண்மை நடுவில் இருக்கும் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். எந்தப் பாதையில் அளந்த நடு? எண்களைக் கூட்டி இரண்டால் வகுத்த நடு பல சமயம் சாம்பலாகத்தான் இருக்கும். இரு தரப்பிலும் இருந்த எதுவும் அதில் மிஞ்சியிருக்காது. திருக்குறளின் 12-ஆம் அதிகாரத்துக்கு நடுவுநிலைமை என்று பெயர். அங்கே பேசப்படுவது பாதிப் பாதியாகப் பிரிப்பதல்ல, ஒரு பக்கமும் சாயாமல் எடை பார்ப்பது. எடை பார்ப்பவர் தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

பச்சைமலைக்குச் சிவப்பு மண்ணிலிருந்து பச்சைக்கு ஒரு சரிவு செய்து பார்த்தேன், அந்தப் பையன் சொன்னதற்காக. நடுவில் அந்தச் சேற்று நிறம் வந்தது. அழகுக்கு அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பளிச்சென்று இருந்திருக்கும். ஆனால் காய்ந்த புல், உதிர்ந்த சருகு, தூசி படிந்த இலை என்று கோடையில் அந்த மலைக்காட்டின் நிறம் ஏறத்தாழ அதுதான். அதைப் பார்த்துவிட்டு, "ஆங், இது பங்குனி" என்றான். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுப்பவர் அவர். பச்சையே நின்றது. நீலத்தை மட்டும் எடுத்துவிடச் சம்மதித்தார்.

பட்டியலில் ஓர் அடைப்புக்குறி

61-க்கும் 62-க்கும் நடுவிலுள்ள படியில் யாரும் இல்லை என்று மேலே சொன்னேன். ஆள் இருக்கும் படிகளும் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் பழங்குடிகள் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி இருக்கிறது. அதற்குள் மாவட்டங்கள்: தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. பச்சைமலை இதற்குள் அடங்குகிறது. பெரம்பலூர் 1995-இல்தான் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது, பட்டியலில் பழைய பெயர்களே நிற்கின்றன. ஆனால் ஈரோடு அந்த அடைப்புக்குறிக்குள் இல்லை. ஈரோடு மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிகள் தங்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மலைகள் கேட்காத கேள்வியை மாவட்டம் கேட்கிறது. ஒரே சனம், ஒரே பெயர். ஒரு பக்கம் சாதிச் சான்றிதழ், கல்லூரியில் இடம், வேலையில் ஒதுக்கீடு. இன்னொரு பக்கம் மனு.

மலைத்தொடரை வரைபடத்தில் பார்த்தால் அது ஒரு சரிவுதான். காடு மெல்ல மெல்ல மாறும், பேச்சு மெல்ல மெல்ல மாறும். சட்டத்துக்கு மெல்ல மெல்ல என்பது கிடையாது. சான்றிதழ் உண்டு அல்லது இல்லை. அரைச் சான்றிதழ் யாருக்கும் தருவதில்லை.

இதைப் பார்த்ததும் "கோடுகளே வேண்டாம், எல்லாம் ஒரே சரிவுதானே" என்று சொல்லத் தோன்றும். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது யூபுலிடீஸின் புதிரைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் அநியாயம். "எல்லாரும் ஒரு காலத்துல காட்டுல இருந்தவங்கதானே, எங்க கோடு போடுவீங்க?" என்று கேட்பவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். இந்தக் கேள்வியை அவர்கள் பெரும்பாலும் பட்டியலில் இருப்பவர்களுக்கு எதிராகத்தான் கேட்கிறார்கள். கோடு மங்கலானது என்பதைக் காட்டி, கோட்டால் பாதுகாக்கப்பட்டவரை அழித்துவிடுவது. இத்தனை காலம் இறக்கி வைக்கப்பட்டிருந்த ஒருவருக்கு ஏறி வர ஒரு படி வேண்டும். அந்தப் படியைத் தேய்த்து வழவழப்பாக்கினால் அவர் ஏற முடியாது, சறுக்குவார்.

ஆகவே ஈரோட்டு மலையாளிகள் கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. கோட்டைச் சரியான இடத்தில் போடச் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது சுலபம், பெருந்தன்மையாகவும் தெரியும். இரண்டாவதற்கு ஒவ்வொரு மலையாக ஏறி, யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த ஊர் என்று பார்க்க வேண்டும். கடைக்காரர் தொல்லை என்று சொன்ன அதே கேள்விகள்.

இப்போது என் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைக்கிறது. ஒரு படியை மறைப்பதற்கு முன்னால் அதில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். திரையின் போதாமையால் வந்த படியென்றால், இரைச்சலைத் தூவி மறைத்துவிடலாம். மறைப்பதால் பார்ப்பவரின் கண் இளைப்பாறும், யாருக்கும் நட்டமில்லை. ஆள் நிற்கும் படியென்றால், பார்ப்பவரின் கண் உறுத்தினாலும் அது தெரியத்தான் வேண்டும். பார்ப்பவரின் சௌகரியத்துக்காக நிற்பவரை மறைப்பதற்கு எந்த அழகும் நியாயமாகாது.

வெள்ளை எழுத்து

இதை ஒரு கடையின் தலைப்பட்டை அளவுக்குச் சுருக்கினாலும் செல்லுமா? செல்லும். அளந்தே காட்டலாம்.

கடைக்காரரின் பட்டை இடது முனையில் அடர்பச்சை: 27, 94, 32. வலது முனையில் வெளிர்பச்சை: 165, 214, 167. எழுத்தெல்லாம் வெள்ளை. இடப்பக்கம் பெரிய எழுத்தில் பச்சைமலை என்றிருந்தது. வலப்பக்கக் கடைசியில் சின்ன எழுத்தில் "தென்பரநாடு, வண்ணாடு, கோம்பை" என்று சரக்கு வரும் ஊர்களின் பெயர்கள். அந்த அமைப்பு அவரே ஏதோ ஓர் இலவச வார்ப்புருவில் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வந்தது.

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுவார்கள். சாதாரண அளவு எழுத்துக்கு அது குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று 2008-இல் வெளியான உலக அளவிலான அணுகல் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கண்பார்வை மங்கியவர்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக வைத்த கோடு. இங்கேயும் கேட்கலாம், 4.4 என்றால் தெரியாதா, 4.5 என்றால் தெரிந்துவிடுமா என்று. தெரியும்தான். ஆனால் எங்கேயோ ஒரு கோடு போட்டால்தான் மங்கிய கண் உள்ளவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும். அடர்முனையில் வெள்ளை எழுத்தின் விகிதம் ஏறத்தாழ 7.9. வெளிர்முனையில் 1.6. அதாவது கடை விற்கும் மலையின் பெயர் எல்லாருக்கும் தெரியும். விளைவிக்கும் ஊர்களின் பெயர் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாது. உச்சி வெயிலில் மலிவான கைபேசியை வைத்துக்கொண்டு பார்த்தால் சுத்தமாக இல்லை.

"அண்ணே, ஊர்ப் பேரு தெரியல" என்றேன்.

"தெரியலேன்னா என்ன தம்பி, அதான் இருக்குல்ல."

யாரும் யாரையும் நீக்கவில்லை. பெயர்கள் இருக்கின்றன, நிரலில் தேடினால் கிடைக்கும், எழுத்துப்பிழைகூட இல்லை. சரிவு மட்டும் வெளுத்துக்கொண்டே போய் அவற்றை விழுங்கிவிட்டது. எந்த இடத்தில் மறைந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. படிப்படியாக மறைந்தது. விலக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளை நாம் குற்றம் சொல்லலாம். வெளுத்துப் போவதற்கு ஆளே வேண்டியதில்லை. அதனால்தான் இது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

சரிசெய்ய அதிகம் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. அடர்முனையின் அதே பச்சையை எடுத்து, வெளிர்முனையில் ஊர்ப் பெயர்களுக்கு எழுத்து நிறமாக வைத்தேன். விகிதம் 4.8. கோட்டைத் தாண்டிவிட்டது. புது நிறம் ஒன்றும் சேர்க்கவில்லை, சரிவும் அப்படியே வழவழப்பாக இருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் படிகளை டிதரிங் போட்டு மறைத்தும் இருக்கிறேன். கடைக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப கொஞ்சம் தூக்கலாத் தெரியுதே" என்றார். "தெரியட்டும்ணே" என்றேன். சரி என்றுவிட்டார். மூன்று ஊர்ப் பெயர்கள் வாசிக்கும்படி இருப்பதால் மலையில் யாருடைய வாழ்க்கையும் மாறிவிடவில்லை, எனக்கும் தெரியும். ஆனால் "எந்த ஊருங்க இது?" என்று யாராவது இனி கேட்கக்கூடும். அவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

"அதான் இருக்குல்ல" என்ற சொல் எல்லா இடத்திலும் புழங்குவது. வீட்டு அழைப்பிதழில் கடைசி வரிப் பெயர்களைப் பற்றிச் சொல்வார்கள். பாடப்புத்தகத்தில் சின்ன எழுத்துக் குறிப்பைப் பற்றிச் சொல்வார்கள். நன்றியுரையின் முடிவில் "மற்றும் பலர்" என்பதைப் பற்றியும் சொல்வார்கள். இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. தெரிகிறதா என்பது இன்னொன்று. அழகான ஒரு பட்டையை இனி எங்கேயாவது பார்த்தால், அடர்த்தியான முனையை விட்டுவிடுங்கள், அது எப்படியும் தெரியும். வெளுத்த முனைக்குப் போய் அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.